பூட்டுக்காரர் வீட்டு போன்

மழைக்காலம்தான் பூட்டுக்காரருக்கு அறுவடை. மரக்கதவுகள் ஈரத்தில் ஊதி நிலையோடு இறுகிக்கொள்ளும். வெளிவாசல் பூட்டுகளுக்குள் துரு இறங்கும். ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாக அவசரத்தில் சாவியைத் திருப்புகிறவர்கள் அதைப் பாதியில் முறித்துவிட்டு, கையில் வந்த துண்டோடு கடைக்கு ஓடிவருவார்கள். அவர் சிரிக்க மாட்டார். "சாவி பழசுங்க. உங்க மேல தப்பில்ல," என்பார். அதைக் கேட்பதற்காகவே பலர் வேறு கடைக்குப் போகாமல் அவரிடம் வந்தார்கள்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். தெருவைப் பார்த்த ஒரு மரமேடை, அதில் இறுக்கிய பிடிப்பான், பெரிதும் சிறிதுமாக அரங்கள், சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். காற்று அடித்தால் அத்தனையும் உரசிக் கிணுகிணுக்கும். பலகையில் எழுதியிருந்த போன் நம்பர் அவருடையதல்ல, மனைவியுடையது. அவருக்கு போனில் வெளியாரோடு பேச வராது. அவர் மனைவிக்குப் பேசாமல் இருக்க வராது. இருபத்தைந்து வருடமாக இருவரும் இந்தப் பொருத்தத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பெரியவர்களுக்கும் அக்காதான்.

பூட்டுக்காரரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் பூட்டு விடுபடும் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கதவை இழுப்பது வீட்டுக்காரர்கள் வேலை. இரண்டாவது, வாடிக்கையாளர் பெயரையோ வீட்டையோ போனில் சொல்லவே மாட்டார், மனைவியையும் சொல்ல விடமாட்டார். பக்கத்தில் நிற்கிறவன் காதில் விழுந்தால் இன்னார் வீட்டில் பூட்டு சரியில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதனால் அவர் வெளியே வேலையில் இருக்கும்போது அவள் போனில் கூப்பிட்டால், அவர்கள் பேச்சு இப்படி இருக்கும்:

"என்னங்க, அந்தம்மா கூப்பிட்டாங்க."

"எந்தம்மா?"

"அதான், முன்னாடி போனீங்களே, அந்த இடம்."

"மறுபடியுமா?"

"இந்தத் தடவை பின்பக்கமாம். இருட்டறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கணுமாம்."

"சரி, சாமானோட போறேன்."

இந்த இரண்டாவது பழக்கம்தான் வினையாகப் போயிற்று.

அன்று தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கடைக்கு முன்னால் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். இளையவர் விறைப்பாக இருந்தார். மூத்தவர், செருப்புச் சேற்றை வாசல் கல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"பின்பக்கத்தை இருட்டறதுக்குள்ள முடிக்கணும்னா என்ன அர்த்தம்?" என்றார் இளையவர்.

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "பின்பக்கக் கதவுங்க. பூட்டு மாத்தினேன்."

"யார் வீட்டுல?"

"அதைச் சொல்றதில்லைங்க."

"நாங்க யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுதுங்க. நீங்க பூட்டு மாத்தினா உங்க வீட்டையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மூத்தவர் இருமலில் சிரிப்பை மறைத்தார். இளையவர் இன்னும் பத்து விதமாகக் கேட்டுப் பார்த்தார். பதில் மாறவில்லை. உள்ளேயிருந்து அக்கா தேநீர் கொண்டுவந்தாள். யார் வந்தாலும் அவளுக்குக் கை தானாகத் தண்ணீரை அடுப்பில் வைத்துவிடும். கிளம்பும்போது மூத்தவர் காலி டம்ளரை அவளிடம் நீட்டி, வெகு இயல்பாக, "மூட்டு வலி இப்ப எப்படிம்மா இருக்கு? அந்த எண்ணெய் கேட்டுச்சா?" என்றார்.

"பரவாயில்லைங்க, மாடிப்படி மட்டும்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். எண்ணெய் விஷயத்தை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். வேறு ஊரில் இருக்கும் தங்கையிடம், போனில்.

மூத்தவர் முகம் வெளுத்தது. டம்ளரை மேடைமேல் வைத்துவிட்டு, குடையை மறந்து, ஜீப்புக்கு ஓடினார். இளையவர் அவரை முறைத்தபடியே பின்னால் போனார்.

---

தெருவுக்கு எண்ணெய்க் கதை தெரியாது. ஜீப்தான் தெரியும். மறுநாளிலிருந்து கடைக்கு வரவு குறைந்தது. மளிகைக் கடையையோ முடிவெட்டும் கடையையோ போலீஸ் விசாரித்தால் நாலு நாள் பேசி மறந்துவிடுவார்கள். பூட்டுக்காரரை விசாரித்தால்? மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் எத்தனை கதவுகள் ஊதியிருக்கும், எத்தனை சாவிகள் முறிந்திருக்கும் என்று அவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். ஒருவரும் வரவில்லை. அவர் வேலை இல்லாமல் அரங்களுக்கு எண்ணெய் போட்டார். அது முடிந்ததும் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்.

அக்காவின் கவலை வேறு. அடுப்படியில் உட்கார்ந்து, போனில் இத்தனை மாதமாகப் பேசியதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தங்கையோடு பேசியது, தம்பியோடு பேசியது, பால்காரரைத் திட்டியது. அதெல்லாம் போகட்டும். ஒரு மத்தியானம் மகள் கூப்பிட்டாள். வெளியூரில் மூக்குக்கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வயிற்றில் ஒரு கட்டிக்காகச் சின்ன ஆபரேஷன் செய்துகொண்டதையும், குழந்தை உண்டாவது கஷ்டமாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும் அழுதுகொண்டே சொன்னாள். "அவர்கிட்ட சொல்லிட்டேன்மா. அதுக்கென்ன, உன்னைத்தானே கட்டிக்கிறேன்னு சொல்லிட்டார். அவங்க வீட்டுல எப்ப சொல்லணுமோ நாங்க சொல்லிக்கிறோம். அப்பாகிட்ட மட்டும் நீ சொல்லாத. நானே சொல்றேன். இப்ப அப்பா அழுதா என்னால தாங்க முடியாது."

மகள், மாப்பிள்ளை, அவள் என்று மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. பெற்ற அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் எங்கோ ஓர் அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குத் தெரியும். மகள் மூக்கை உறிஞ்சியதுகூடத் தெரியும். அதை நினைத்தபோது அக்காவுக்கு முதலில் உடம்பு கூசியது. அப்புறம் கோபம் வந்தது. கோபத்தில் வெங்காயத்தை நறுக்கி, வதக்கி, நாலு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினாள். கணவருக்குச் சாப்பாடு இறங்காததால் தம்பியைக் கூப்பிட்டாள்.

தம்பி சரக்கு வேன் ஓட்டுகிறவன். அக்கா போனில் பேசிய விதத்தைக் கேட்டுப் பயந்துபோய் அரை மணியில் வந்துவிட்டான்.

"என்னக்கா, 'வணக்கம், நலம், உடனே வரவும், நன்றி'ங்கற? செய்தி வாசிக்கற மாதிரி? மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"இனிமே போன்ல அப்படித்தான்டா பேசுவேன். சாப்பிடு."

விஷயத்தைக் கேட்டதும் அவன் தட்டோடு எழுந்துவிட்டான். "நம்ம போனையா? நாம என்ன பெரிய ஆளுங்களா? மாமா, நீங்க ஏதாவது..."

"ஏன்டா, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார் பூட்டுக்காரர்.

"வெறும் பூட்டுக்காரராத்தான் தெரியுது. அதான் ஆச்சரியமா இருக்கு."

அவன்தான் வக்கீலம்மாவை நினைவுபடுத்தினான். ஒருமுறை அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்து, கதவு தானாகப் பூட்டிக்கொண்டதில் தவித்த பெண். பால் கருகுவதற்குள் பூட்டுக்காரர் போய்த் திறந்துவிட்டார். "எது வேணும்னாலும் வாங்க" என்று அன்று சொல்லியிருந்தாள்.

வக்கீலம்மாவின் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்தால் நாலாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"ஒருத்தர் போனைக் கேக்கணும்னா அரசாங்கத்துக்கு முறையான உத்தரவு வேணும்," என்றாள் அவள். "என்ன காரணம், எவ்வளவு காலத்துக்குன்னு அதுல இருக்கணும். அந்தக் காரணம் சரியான்னு வேற ஒரு குழு பாக்கணும். இஷ்டத்துக்குக் காது வைக்க முடியாது. அந்தரங்கம்ங்கறது அரசியல் சட்டம் நமக்குக் குடுத்திருக்கற உரிமை."

"அந்தரங்கம்னா புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்தானே மேடம்?" என்றான் தம்பி.

"அதுவும்தான். நீங்க உங்க வீட்டம்மாவைப் பத்தி அக்காகிட்ட புலம்புவீங்க இல்ல, அதுவும்தான்."

தம்பி அக்காவைப் பார்த்தான். "நீ இவங்ககிட்ட சொன்னியா?"

"எல்லா தம்பியும் புலம்பறதுதான். குத்துமதிப்பாச் சொன்னேன்," என்று சிரித்தாள் வக்கீலம்மா.

தம்பி சிரிக்கவில்லை. "அதையும் கேட்டிருப்பாங்களா?" என்றான். "அது வெளிய வந்தா நான் வேன்லயே குடும்பம் நடத்த வேண்டியதுதான்."

---

வழக்கு போட்டார்கள். அரசாங்கத் தரப்பிலிருந்து பதில் வந்தது. ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணின் போனைக் கேட்கத்தான் முதலில் உத்தரவு. அந்தப் பெண் யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று பயந்து மூன்று முறை வீட்டுப் பூட்டை மாற்றியிருந்தாள். அதற்காகக் கூப்பிட்ட நம்பர் என்பதால் அக்காவின் போனையும் சேர்த்துவிட்டார்கள். சேர்த்தபின் கேட்டால், பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல், 'அந்தம்மா', 'அந்த இடம்', 'சாமான்' என்று பேசுகிறார்கள். சந்தேகம் வலுத்துவிட்டது. குழு எதுவும் பார்க்கவில்லை. காலக்கெடு முடிந்தும் நிறுத்தவில்லை.

"அடப்பாவிங்களா, ஒழுங்கா வேலை செஞ்சதுக்கா சந்தேகப்பட்டாங்க?" என்றார் பூட்டுக்காரர்.

வக்கீலம்மா அன்று நேராகக் கடைக்கே வந்திருந்தாள். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணும் சொல்றாங்க. பதிவு பண்ணினதுல தப்பா எதுவுமே இல்லையாம். வேணும்னா கோர்ட்லயே போட்டுக் காட்டறோம்ங்கறாங்க."

பூட்டுக்காரர் பல வாரங்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "போடச் சொல்லுங்க!"

"அவசரப்படாதீங்க. போட்டா உங்க பேர் சுத்தமாகும், உண்மைதான். ஆனா, தப்பு எதுவும் இல்லாதவங்களுக்குக் கேட்டதால என்ன நஷ்டம்னு அவங்க வாதம் பண்ணுவாங்க. உத்தரவு செல்லாதுங்கற நம்ம வாதம் அதுல கரைஞ்சு போகும். வீட்ல கலந்து பேசிச் சொல்லுங்க."

"கலக்கறதுக்கு என்ன இருக்கு? மொத்தத்தையும் போடட்டும். தெருவே வந்து கேக்கட்டும்."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு கடையாகப் போய், "கோர்ட்ல என் வீட்டுப் பேச்சு எல்லாத்தையும் போடப் போறாங்க. வந்து கேளுங்க, நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்குங்க," என்று அழைத்துவிட்டு வந்தார். தெரு சந்தோஷப்படும் என்று நினைத்தார். தெரு பயந்துபோயிற்று. ஏனென்றால் அக்காவின் போனில் பேசாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

முதலில் எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மேடையில் பூட்டுக்காரர் இல்லை என்று பார்த்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"அக்கா, ஒரு நாள் உங்களுக்கு போன் பண்ணி, எங்கண்ணனைப் பத்தி ஏதோ சொன்னேனே..."

"திருட்டு... அப்படீன்னு ஆரம்பிச்சீங்களே, அதுவா?"

"ஐயோ, மெதுவா! அண்ணன் கடையிலதான் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கார். அதை மட்டும் வெட்டிட்டுப் போடச் சொல்ல முடியுமா?"

"அது துணியில்லைங்க, வெட்டித் தைக்கறதுக்கு."

அவரை அனுப்பி வாசல் கதவைச் சாத்துவதற்குள் சம்பந்தியம்மா வந்து இறங்கினாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது, கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறாள் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. சம்பந்தியம்மா உட்காரவில்லை.

"கதவைச் சாத்துங்க சம்பந்தி. ஜன்னலையும்."

சாத்தினாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட போன்ல என் மூத்த மருமகளைப் பத்திச் சொன்னேனில்ல? அவ துணி மடிக்கற லட்சணம், அவங்கம்மா பேசற லட்சணம்..."

"ஆமா."

"அப்புறம், உங்க பொண்ணு வந்தாத்தான் எனக்கு வீட்ல ஒரு துணைன்னு சொன்னேன்."

"ஆமாம் சம்பந்தி, சொன்னீங்க."

"அந்த மூத்தவதான் கோர்ட்டுக்கு வர்றேன்னு புடவையெல்லாம் எடுத்து வச்சிருக்கா! அவ இப்பத்தான் என்கூட ஒழுங்காப் பேச ஆரம்பிச்சிருக்கா. நான் என்ன பண்ணுவேன்?" சம்பந்தியம்மா பாதி அழுகையாகக் கேட்டாள். "மனசுல இருக்கறதை எங்கயாவது ஒரு இடத்துல கொட்டித்தானே ஆகணும். கொட்டிட்டா அப்புறம் அவமேல எனக்குக் கோபமே இல்ல."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தியம்மாவும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, தானும் சிரித்துவிட்டாள். இருவரும் ஆரஞ்சை உரித்துத் தின்றபடி, மூடிய ஜன்னலுக்குப் பின்னால், மூத்த மருமகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்கள்.

---

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அது வெடித்தது. வெளியே மழை இல்லை. ஓட்டிலிருந்து மிச்சத் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"போட வேண்டாம்," என்றாள் அக்கா.

"எதை?"

"கோர்ட்ல. நம்ம பேச்சை."

பூட்டுக்காரர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். "ஏம்மா, கடை கிடக்கற கிடப்பைப் பாத்தியா? என் கையில சாவி குடுக்கவே ஜனங்க பயப்படறாங்க. ஒரே ஒரு தடவை காதாரக் கேட்டாங்கன்னா போதும். நமக்கு மறைக்க என்ன இருக்கு?"

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம்."

"அப்ப உனக்கு இருக்கா?"

அவள் அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். அவர் முகம் மெல்ல மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாரு?"

"என்ன யாரு?"

"இல்ல, யாரு அந்த ஆளு?"

அக்கா அவரையே பார்த்தாள். கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. "இந்த மூட்டு வலியை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏற முடியல, நான் ஆளுக்கு எங்க போவேன்? புத்தி போகுது பாரு!"

"பின்ன என்னன்னு சொல்லு. சொன்னா நானே வேண்டாம்ங்கறேன்."

"சொல்ல முடியாது."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான். அது என் விஷயம்கூட இல்ல. என்னை நம்பி ஒருத்தர் சொன்னது." அவள் குரல் தழைந்தது. "சொன்னாத்தான் ஒத்துக்குவேன்னு நீங்க சொன்னா, அந்த ஜீப்ல வந்தவங்களுக்கும் உங்களுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அவருக்குச் சுருக்கென்றது. "நான் உன் புருஷன்."

"ஊர்ல எத்தனை பீரோ திறந்திருக்கீங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு எத்தனை தடவை உங்களைக் கேட்டிருப்பேன்? கெஞ்சிக்கூடக் கேட்டிருக்கேன். ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நான் பாக்கறதே இல்லையே. முகத்தைத் திருப்பிக்குவேன்."

"அதைத்தான் கேக்கறேன். இப்பவும் திருப்பிக்குங்க."

அவர் எழுந்து கை கழுவினார். அன்று முழுக்க மேடையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். ராவி ராவி அது எந்தப் பூட்டுக்கும் ஆகாததாகப் போனது. அவர் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

---

நீதிமன்ற அறையில் மின்விசிறிகள் சத்தமாக ஓடின. ஈரக் குடைகளின் வாடை அடித்தது. அழைப்பை ஏற்று வந்த தெருவாசிகள் பின்வரிசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரரும், பட்டன் தைக்கும் அவருடைய அண்ணனும், சம்பந்தியம்மாவும், நல்ல புடவையில் மூத்த மருமகளும். தம்பி மட்டும் தன் மனைவியை வேண்டுமென்றே வேறு வேலையாக எங்கோ அனுப்பிவிட்டு வந்திருந்தான்.

வக்கீலம்மா வாதத்தை முடித்தாள். அரசாங்க வக்கீல் எழுந்தார். உயரமான மனிதர், சாந்தமான குரல்.

"கனம் நீதிபதி அவர்களே, முறையில் சில குறைகள் நடந்திருக்கலாம். மறுக்கவில்லை. ஆனால் மனுதாரர்களுக்கு என்ன பாதிப்பு? பதிவுகளில் குடும்பப் பேச்சைத் தவிர எதுவும் இல்லை. அவர்கள் நிரபராதிகள் என்று நிரூபிக்க இங்கேயே ஒலிக்கச் செய்யத் தயார். மறைக்க எதுவும் இல்லை என்றால் அவர்களுக்கும் ஆட்சேபணை இருக்கக்கூடாது."

பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். சம்பந்தியம்மாவாக இருக்கலாம்.

நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "பூட்டுக் கடைக்காரர் வந்திருக்கிறாரா?"

பூட்டுக்காரர் எழுந்து நின்றார். சலவைச் சட்டை, எண்ணெய்க் கறை போகாத விரல்கள்.

"பயப்படாம சொல்லுங்க. போட்டுக் காட்டினா உங்க மேல இருக்கற சந்தேகம் இங்கயே தீர்ந்துபோகும். போடலாமா?"

அக்கா மடியிலிருந்த பையின் காதை முறுக்கினாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வேண்டாங்க," என்றார்.

"ஏன்?"

"தெரியாதுங்க."

அறையில் லேசாகச் சலசலத்தது. நீதிபதிக்கு ஆர்வம் வந்துவிட்டது. "தெரியாதா? உங்க போன் பேச்சில் என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா?"

"என் வீட்டுக்காரம்மா பேசினதுங்க. போட வேண்டாம்னு சொன்னாங்க. காரணம் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "நேத்து பூரா எனக்கு வருத்தம்தாங்க. ஆனா கூடக் குடும்பம் நடத்தற எனக்கே சொல்ல வேண்டாம்னு நினைச்சா, அது ஊருக்கும் வேண்டாம், சர்க்காருக்கும் வேண்டாம். கடை போனாலும் போகட்டும்ங்க."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அது கேலிச் சிரிப்பு இல்லை. நீதிபதியே உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ எழுதினார். பிறகு அரசாங்க வக்கீலைப் பார்த்தார்.

"என்ன பாதிப்புன்னு கேட்டீங்களே. காரணம் சொல்லாம ஒரு பேச்சைத் தனக்குள்ள வச்சுக்க அந்தம்மாவுக்கு உரிமை இருக்கு. அதைப் பறிச்சதுதான் பாதிப்பு. அதுல ரகசியம் இருந்தாலும் சரி, ரசத்துக்கு உப்பு பத்தலைங்கற பேச்சு இருந்தாலும் சரி."

ஒட்டுக்கேட்ட உத்தரவு செல்லாது என்றார். பதிவுகள் அனைத்தையும், யாரும் மறுபடி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அழித்துவிட்டு அறிக்கை தர வேண்டும் என்றார். கடைக்காரர்மீது எந்தச் சந்தேகமும் இல்லை என்று அரசாங்கம் எழுத்தில் தர வேண்டும் என்றும் சொன்னார்.

வெளித் தாழ்வாரத்தில் தம்பி மாமாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இறக்கிவிட்டான். "மாமா, என் குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க!" தையல்காரர் பூட்டுக்காரரின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தார். "என் கடை ஷட்டர் பத்து நாளா மாட்டிக்கிட்டுக் கிடக்கு. பின்வாசல் வழியாப் போய்ட்டு வர்றேன். நாளைக்கு வந்து பாருங்க," என்றார். அவருடைய அண்ணன், "என் பெட்டிச் சாவியும் தொலைஞ்சு நாளாச்சு," என்றார். மூத்த மருமகளுக்கு மட்டும் ஏமாற்றம். "ஒண்ணுமே போடலையே அத்தை," என்று மாமியாரிடம் குறைப்பட்டாள். "அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா?" என்று சம்பந்தியம்மா அவள் முந்தானையைச் சரிசெய்தாள்.

வேனில் திரும்பும் வழியில் பூட்டுக்காரர் மெல்லக் கூப்பிட்டார். "ஏம்மா."

அக்கா நிமிர்ந்தாள். கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். இவ்வளவு செய்தபின் கேட்டால் என்ன சொல்வது?

"பசிக்குது," என்றார். "வழியில எங்கயாவது நிறுத்தச் சொல்லு."

---

மகள் அன்று ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். விசாரணை நாளுக்காக லீவு கேட்டுக் கிடைக்கவில்லை, வேலை முடிந்ததும் கிளம்பியிருந்தாள். கோர்ட்டில் அப்பா சொன்னதைத் தாய்மாமன் போனிலேயே நடித்துக் காட்டியிருந்தான். உள்ளே வந்தவள் பையைக்கூட வைக்காமல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கடை அறைக்குப் போனாள். அங்கே பூட்டுக்காரர் மறுநாள் வேலைக்காகச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியிலிருந்தே பார்த்தாள். மகள் முக்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அது நான் அம்மாகிட்ட சொன்னதுதான்பா."

"எது?"

"நீங்க போட வேண்டாம்னு சொன்னது."

பூட்டுக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அதான் அழிச்சிடுவாங்களேம்மா. நீ எதுக்கு இப்ப..."

"யாரும் கேக்கலப்பா. எனக்குத்தான் சொல்லணும்போல இருக்கு."

அடுப்படிக்கும் கடை அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். மற்ற நாளாக இருந்தால் அக்கா அதன் ஓரத்தில் வந்து நின்றிருப்பாள். இன்று, மகள் குரலைத் தாழ்த்தியதும், குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு தொட்டியில் விழுந்தது. கழுவ ஒன்றுமில்லை. எல்லாம் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்தவை. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் தேய்த்தாள். சொல்லப்படுவது முழுக்க அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் தேய்த்தாள்.

கடை அறையில் பூட்டுக்காரர் கடைசிவரை கேட்டார். அழவில்லை. மகளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். எண்ணெய்க் கறை ஒட்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"இப்ப உடம்புக்கு வலி ஏதும் இருக்கா?"

"இல்லப்பா."

"மாப்பிள்ளைக்குத் தெரியும்ங்கற."

"முதல்லயே தெரியும்."

"நல்ல பையன்." அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்கம்மாகிட்டகூட."

மகள் சிரித்து, மூக்கை உறிஞ்சி, மறுபடியும் சிரித்தாள். "அம்மாவுக்குத் தெரியும்பா. அவங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்."

"அதை அவ வாயால சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன்."

அடுப்படியில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, குழாயை மூடேன்! தொட்டி ரொம்பிக் கீழே வழியுது பாரு!"

"நீங்க பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டது உள்ளேயிருந்து.

"நாங்க ஒண்ணும் பேசலையே," என்றார் அவர்.

அக்கா குழாயை மூடினாள்.